கெட்ட துரையா? கெட்ட சட்டமா?



வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று சின்னத்திரையில் எதைப் போட்டாலும் சில காட்சிகள் தவறாமல் வரும். விசாலமான பங்களா. வெட்டிச் சீராக்கிய புல்தரை. சாய்வு நாற்காலியில் துரை. பக்கத்தில் குடையோடு துரைசாணி. பின்னால் தலைப்பாகை கட்டி, தட்டு ஏந்தி, அசையாமல் நிற்கும் கறுத்த மனிதன் ஒருவன். துரைக்குக் காதல் உண்டு, கவலை உண்டு, கண்ணீர் உண்டு. தட்டு ஏந்தியவனுக்குப் பெயர்கூடக் கிடையாது!

யார் அவன்? உங்கள் பாட்டனாரும் என் பாட்டனாரும்தான்!

'இப்போதெல்லாம் அப்படி இல்லை, நிறவெறியையும் ஏழை பணக்காரன் பேதத்தையும் தொடர்களே தோலுரித்துக் காட்டுகின்றனவே' என்று சில சகோதரர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், காட்டுகிறார்கள். எப்படிக் காட்டுகிறார்கள் என்பதே நம் கேள்வி. கொடுமைக்கார போலீஸ் அதிகாரி ஒருவன் வருவான். திமிர் பிடித்த தோட்டத் துரை ஒருவன் வருவான். அவர்களுக்கு எதிரே இரக்கமே வடிவான ஒரு வெள்ளைக்காரப் பெண் வருவாள். பார்த்து முடித்ததும் நம் மனதில் தங்குவது என்ன? 'அந்தத் துரை கெட்டவன், இந்த அம்மா நல்லவள்.' அவ்வளவுதான்!

இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. நம் நாட்டின் அடிமைத்தனம் சில துரைகளின் கெட்ட குணத்தால் வந்ததல்ல. அது சட்டமாக, வரிக்கணக்காக, சம்பளப் பட்டியலாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. குணம்தான் காரணம் என்று நம்புகிறவன் காலமெல்லாம் நல்ல எஜமானனைத் தேடி அலைவான். சட்டம்தான் காரணம் என்று அறிந்தவன் எழுந்து நின்று உரிமை கேட்பான். நாம் யாராக இருக்கப் போகிறோம்?

மான்செஸ்டரிலிருந்து வந்த கண்ணீர்

1984-ல் இங்கிலாந்தின் கிரானடா தொலைக்காட்சி 'தி ஜூவல் இன் தி கிரவுன்' என்ற 14 பகுதித் தொடரை ஒளிபரப்பியது. பால் ஸ்காட் எழுதிய நான்கு நாவல்களின் கதை. 1942 'வெள்ளையனே வெளியேறு' காலத்தில் தொடங்கி 1947-ல் முடிகிறது. இந்த வகைத் தொடர்களில் தலைசிறந்தது என்று உலகமே பாராட்டியது. ஆகவே அதையே எடுத்துக்கொள்வோம். மட்டமான சரக்கை வைத்து வாதம் செய்வது நமக்கு அழகல்ல.

அதில் ஹரி குமார் என்றோர் இளைஞன். சிறு வயதிலேயே இங்கிலாந்து போய், பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் படித்து, வெள்ளைக்காரனைவிட நன்றாக ஆங்கிலம் பேசுகிறவன். தந்தை நொடித்துப் போய் இறந்துவிட, இந்தியாவுக்கு வருகிறான். இங்கே அவன் வெறும் 'நேட்டிவ்'. இங்கிலாந்தில் கூடப் படித்த உயிர் நண்பன் ராணுவ உடையில் எதிரே வருகிறான். ஆனால் இவனை அடையாளமே தெரியாதவன் போல் கடந்து போகிறான். மறுபக்கம் ரொனால்ட் மெர்ரிக் என்ற போலீஸ் சூப்பரின்டெண்டெண்ட். எளிய குடும்பத்து வெள்ளைக்காரன். இங்கிலாந்தில் இருந்திருந்தால் ஹரியின் பள்ளி வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது. அந்தப் பொறாமையையும் நிறத் திமிரையும் சேர்த்து ஹரியைச் சிறையில் போட்டுச் சித்திரவதை செய்கிறான்.

வர்க்கமும் நிறமும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை இந்த அளவு துணிச்சலாகக் காட்டிய தொடர்கள் குறைவு. அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஹரி குமார் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி விசாரணையே இல்லாமல் அடைக்கப்படுகிறான். அந்த அதிகாரத்தை மெர்ரிக்குக்கு யார் கொடுத்தது? அவன் பொறாமையா கொடுத்தது? அரசு கொடுத்தது! தொடரோ நம் கோபம் முழுவதையும் மெர்ரிக்கின் மேல் திருப்பிவிடுகிறது. சட்டம் எழுதியவன் மேசைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறான். சிறையில் நடந்த விசாரணைக்குப் பிறகு ஹரி குமாரும் மெல்லத் திரையை விட்டு மறைகிறான். மிச்சக் கதை வெள்ளைக்காரக் குடும்பங்களின் சோகம்!

அந்தத் தொடரில் முஸ்லிமுக்குக் கிடைத்த முடிவையும் கேளுங்கள். முகம்மது அலி காசிம் காங்கிரசை விட்டு விலக மறுத்துச் சிறை சென்ற தலைவர். அவர் மகன் அகமது காசிம் 1947 கலவரத்தின்போது ஆங்கிலேயர்களோடு ஒரே ரயில் பெட்டியில் பயணம் செய்கிறான். கலவரக் கும்பல் ரயிலை மறித்து அவனைக் கேட்கிறது. அவன் தானே கதவைத் திறந்து இறங்குகிறான். கொல்லப்படுகிறான். கதவு சாத்தப்படுகிறது. உள்ளே இருந்த ஆங்கிலேயர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை, ரயில் போகிறது. கதாசிரியர் இதை வெள்ளையர்களின் வெட்கக்கேடாகத்தான் எழுதினார். ஆனால் வெட்கப்பட ஆங்கிலேயன், சாக நம் பிள்ளை என்றுதானே பாத்திரங்கள் பங்கிடப்பட்டிருக்கின்றன?

கணக்குப் புத்தகத்தில் நடந்த கொலை

வணிகச் சகோதரர்களே! உங்களுக்குக் கணக்கு தெரியும். ஆகவே கணக்கிலேயே பேசுவோம்.

அந்தக் கிரானடா தொலைக்காட்சிக்கு எந்த ஊர் தலைமையிடம் தெரியுமா? மான்செஸ்டர்! ஜவுளிக்காரர்கள் இந்தப் பெயரை மறக்கலாமா? 1896-ல் இறக்குமதித் துணிக்கு மூன்றரை சதவீதம் வரி போட்டது ஆங்கிலேய அரசு. அதே கையோடு இந்திய ஆலைத் துணிக்கும் மூன்றரை சதவீதம் கலால் வரி போட்டது. ஏன்? சொந்த நாட்டுத் துணி மான்செஸ்டர் துணியைவிடக் கொஞ்சமும் மலிந்துவிடக் கூடாதாம்! இதில் எந்தத் துரையும் சவுக்கை எடுக்கவில்லை. யாரும் யாரையும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை. பேனாவால் நடந்தது. இதை எந்தத் தொடரில் பார்த்தீர்கள்?

1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் கோலாகலமாகத் தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தான். அதே நேரம் சென்னை மாகாணம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. நிவாரணச் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், மண் வெட்டும் ஓர் ஆணுக்கு ஒரு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியை வெட்டினான். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை! தர்பாரின் யானைகளும் ஜரிகைக் குடைகளும் திரைக்கு அழகு. அந்த ஒரு பவுண்டுக்காகக் கையேந்தி நின்ற வரிசை திரைக்கு அழகில்லை. அதனால் அது வருவதில்லை.

நீதிமன்றமோ இன்னும் மோசம். கிராமப்புற நீதிமன்றங்களில் ஓர் இந்திய மாஜிஸ்திரேட் வெள்ளைக்காரனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. 1883-ல் அதை மாற்ற இல்பர்ட் மசோதா வந்தபோது தோட்டத் துரைகளும் வியாபாரத் துரைகளும் ஊரைக் கூட்டிக் கூச்சலிட்டார்கள். கடைசியில், பாதிப் பேராவது வெள்ளையராக உள்ள ஜூரி வேண்டும் என்று கேட்கும் உரிமையை வெள்ளைக் குற்றவாளிக்குக் கொடுத்துத்தான் 1884-ல் சட்டம் நிறைவேறியது. அந்த ஊர்களில் எத்தனையோ நல்ல துரைமார்களும் இருந்திருக்கலாம். அவர்கள் நல்லவர்களாக இருந்ததால் இந்தச் சட்டம் மாறியதா?

திப்புவின் வாளும் ஓர் அறிவிப்பும்

'நம்மவர் எடுத்த தொடர் இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது. 'தி சோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்'. பகவான் கித்வானி என்ற சகோதரச் சமுதாயத்து எழுத்தாளர் 1976-ல் எழுதிய நாவல். நடிகர் சஞ்சய் கான் தொடராக்கினார். 1989 பிப்ரவரி 8 அன்று மைசூர் பிரீமியர் ஸ்டுடியோவில் படப்பிடிப்பின்போது தீப்பிடித்து 62 பேர் மாண்டார்கள். சஞ்சய் கானும் கடுமையான தீக்காயங்களோடு உயிர் பிழைத்தார். 1990-ல் தூர்தர்ஷனில் தொடர் வந்தபோது, இந்தி புரியாத நம் வீடுகளிலும் அதைக் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

ஆனால் வந்தது எப்படி? எதிர்ப்புக் கிளம்பி, வழக்கு நடந்து, 'இது கற்பனைக் கதை, திப்புவின் வாழ்க்கையோடும் ஆட்சியோடும் சம்பந்தமில்லை' என்ற பொருளில் ஓர் அறிவிப்பைத் தாங்கிக்கொண்டு வந்தது. வெள்ளையனை எதிர்த்துப் போர்க்களத்திலேயே உயிர்விட்ட ஒரு மன்னரின் கதைக்கு, அது கதைதான் என்று முத்திரை குத்தினார்கள். கர்நாடகத்தில் 2015-ல் தொடங்கிய அரசு சார்பிலான திப்பு ஜெயந்தியை 2019-ல் அடுத்து வந்த அரசு நிறுத்தியது. திப்புவை எதிர்ப்பதிலேயே அரசியல் நடத்துவோரைச் சமுதாயம் அறியும்.

ஆனால் நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். அந்தத் தொடரிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது என்ன? வாள், புலி, துரோகி மீர் சாதிக்! 'ஒரு துரோகி மட்டும் இல்லாதிருந்தால்...' என்று பெருமூச்சு விட்டோம். அதுவும் 'கெட்ட துரை' கதைதானே? துரைக்குப் பதில் துரோகி! மிளகும் சந்தனமும் ஏலமும் கம்பெனியின் கைக்குப் போகாமல் திப்பு தடுத்தாரே, மஸ்கட்டில் வணிகக் கிடங்கு வைத்தாரே, அதைப் பற்றி நம் கடைத்தெருவில் எத்தனை பேர் பேசுகிறோம்? கம்பெனி அவரை அஞ்சியது வாளுக்காக மட்டுமல்ல. வெள்ளையனின் கணக்குப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த மன்னர் அவர்!

நம் மண்ணில் தோண்டினால்

பெரம்பலூர் சகோதரர்களே! சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது ரஞ்சன்குடிக் கோட்டையைப் பஸ் ஜன்னலில் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? அந்தக் கோட்டையும் வாலிகண்டபுரமும் 1751-ல் போர் பார்த்த மண். ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரன் துணையோடு சந்தா சாகிப். மறு பக்கம் ஆங்கிலேயன் துணையோடு முகம்மது அலி. இருவரும் முஸ்லிம்கள். இருவர் முதுகுக்குப் பின்னாலும் வெள்ளைக்காரன்! அந்தப் போரில் தோற்று ஆங்கிலப் படை திருச்சிக்கு ஓடியது. ஆனால் அடுத்த ஆண்டே சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

வென்ற முகம்மது அலி சுகமாக ஆண்டாரா? கம்பெனிக்காரர்களிடமே வட்டிக்கு வாங்கி வாங்கிக் கடனில் மூழ்கினார். நவாபின் கடன் லண்டன் பாராளுமன்றம் வரை நாறியது. முடிவில் 1801-ல் ஓர் ஒப்பந்தக் காகிதத்தில் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்குப் போனது. திருச்சிச் சீமையோடு நம் பெரம்பலூரும் அரியலூரும் போயின. வட்டி எப்படி ஒரு நாட்டையே விழுங்கும் என்பதற்கு வேறு ஊர்க் கதை வேண்டுமா?

பிறகு என்ன நடந்தது? இந்தத் திருச்சிச் சீமையிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்து இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயா தோட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். நம்மவர்கள் பிழைப்புத் தேடி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 'ரஜூலா' கப்பலின் பெயர் தெரியாத பெரியவர் நம் ஊர்களில் அன்று உண்டா? காசுள்ளவனுக்கு அறை, காசில்லாதவனுக்குத் திறந்த தளம். பாயை விரித்துப் படுத்து, காற்றிலும் மழையிலும் அக்கரை போய்ச் சேர்ந்தார்கள். துரைமாரின் கப்பல் பயணம் பற்றிப் பல காட்சிகள் உண்டு. தளத்தில் சுருண்டு கிடந்தவனின் தொடர் எங்கே?

எதிர்த்து நின்றவர்களும் நம்மிடம் உண்டு. வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது 25 ரூபாய்ப் பங்குகள் 8,000-ஐ வாங்கி இரண்டு லட்சம் ரூபாயைக் கொட்டியவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்ற வணிகர். 'கப்பலோட்டிய தமிழன்' பெயரை அறியாத பிள்ளை இல்லை. இந்த வணிகரின் பெயரைச் சொல்லும் பிள்ளைகள் எத்தனை பேர்? இதற்கு எந்தத் தொலைக்காட்சியைக் குறை சொல்வது? நம் மதரஸாவிலும் நம் வீட்டிலும் நாம்தானே சொல்லவில்லை!

துரை போனான், சட்டம் போகவில்லை

இளைஞனே! இதெல்லாம் பழங்கதை என்று எண்ணாதே. மெர்ரிக் கப்பலேறிப் போய்விட்டான். விசாரணையில்லாமல் அடைக்கும் அதிகாரம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. 1950-ல் தடுப்புக் காவல் சட்டம், 1971-ல் மிசா, தமிழகத்தில் 1982-ல் குண்டர் சட்டம் என்று வாரிசுகள் வந்தன. 1985-ல் தடா வந்து 1995-ல் காலாவதியானது. 2002-ல் வந்த பொடா 2004-ல் ஒழிந்தது. ஆனால் 2008-ல் யு.ஏ.பி.ஏ. சட்டத்தைத் திருத்தி, ஜாமீன் கிடைப்பதையே குதிரைக் கொம்பாக்கினார்கள். ஒவ்வொரு முறையும் 'அந்த அதிகாரி மோசம்' என்று நம் சமுதாயம் புலம்பியது. அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். பூட்டு மாறவில்லை. சட்டத்தைக் கேள்வி கேட்காதவரை எத்தனை மெர்ரிக்குகளுக்கு வழியனுப்பு விழா நடத்தினாலும் பயன் என்ன?

லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடாச் சம்பாத்தியத்தை நம்பியிருக்கும் வீடுகள் எத்தனை! அங்கே போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரே வேலைக்கு வெள்ளைக்காரன் பாஸ்போர்ட்டுக்கு ஒரு சம்பளம், நம் பாஸ்போர்ட்டுக்கு ஒரு சம்பளம். முஸ்லிம் நாடு என்பதற்காக இதை மூடி மறைப்பது ஈமானுக்கு அழகல்ல. இனவெறி குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2019 இறுதியில் கத்தாருக்குப் போய்விட்டு, பிறந்த நாட்டை வைத்து ஒருவகைச் சாதி அமைப்பே அங்கு நிலவுவதாகச் சொன்னார். பிறகு கத்தார் சட்டத்தை மாற்றியது. 2021 மார்ச் முதல், எந்த நாட்டவனுக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால் என்றானது. அது போதுமா என்றால் போதாது. ஆனால் பாடத்தைப் பாருங்கள். நல்ல கபீல் கிடைக்க வேண்டும் என்று நம் தாய்மார்கள் பல்லாண்டு துஆ செய்தார்கள். எல்லாருக்கும் பொதுவான ஒரு பிடிமானம் வந்ததோ சட்டம் மாறியபோதுதான்.

நம் கல்லாவுக்கு இந்தப் பக்கம்

வணிகச் சகோதரரே, கோபிக்காமல் இதையும் கேளுங்கள். உங்கள் கடையில் வேலை செய்யும் பையனை நினைத்துப் பாருங்கள். காலையில் கடை திறந்தது முதல் இரவு பூட்டும் வரை நிற்கிறான். உட்கார ஒரு முக்காலி உண்டா? 2021-ல் தமிழக சட்டமன்றம் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. ஒருவன் உட்காருவதற்கே சட்டம் போட வேண்டி வந்ததே!

'நான் அவனைப் பிள்ளை போல் நடத்துகிறேன்' என்பீர்கள். நல்ல துரைகளும் இதைத்தான் சொன்னார்கள்! பெருநாளுக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பது நன்மையான காரியம். அல்லாஹ் கூலி தருவான். ஆனால் அது சம்பளச் சீட்டுக்கும், வார விடுமுறைக்கும், இருக்கைக்கும் ஈடாகாது. அன்பு முதலாளியின் மனம் மாறும்போது மாறிவிடும். எழுதிக் கொடுத்த உரிமை மாறாது.

நம் மார்க்கம் இதைத்தானே சொன்னது? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ் பேருரையில், அரபியருக்கு மற்றவரைவிடவும் வெள்ளையருக்குக் கறுப்பரைவிடவும் இறையச்சத்தாலன்றி எந்த மேன்மையும் இல்லை என்று அறிவித்தார்கள். மக்கா வெற்றியின்போது கஅபாவின் மேலேறி பாங்கு சொல்லும் உரிமையை, அடிமையாய் இருந்த கறுப்பர் பிலால் (ரலி) அவர்களுக்குக் கொடுத்தார்கள். அது இரக்கத்தால் போட்ட பிச்சை அல்ல. குறைஷிப் பிரமுகர்கள் கண்ணெதிரே நிலைநாட்டப்பட்ட நீதி!

ஆகவே சகோதரர்களே, தொலைக்காட்சியை உடையுங்கள் என்று சொல்லவில்லை. பாருங்கள். ஆனால் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். தட்டு ஏந்தி நிற்பவன் யார்? அவனுக்கு என்ன சம்பளம்? அவனை அங்கே நிறுத்திய சட்டம் எது?

அடுத்து, ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் உள்ள பழைய பாஸ்போர்ட், கப்பல் சீட்டு, கடைக் கணக்கு நோட்டு, மலாயாவிலிருந்து வந்த கடிதம் ஆகியவற்றைக் கறையானுக்குக் கொடுக்காமல் திரட்டட்டும். கையில் செல்போன் வைத்திருக்கும் இளைஞன் ஊர்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யட்டும். வளைகுடா போகிறவன் ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்து, தெரிந்தவரிடம் விளக்கம் கேட்டு, பிறகு கையெழுத்துப் போடட்டும். கடை வைத்திருப்பவர் இந்த வாரமே இருக்கை போடட்டும், சம்பளத்தை எழுத்தில் கொடுக்கட்டும்.

நம் கதையை நாம் எழுதாவிட்டால் மான்செஸ்டர்காரன் எழுதுவான். அதில் நமக்குத் தட்டு ஏந்தும் வேடம்தான் கிடைக்கும். நாமே எழுதினாலும் துரைக்குப் பதில் நம் பணக்காரனை நாற்காலியில் உட்கார வைத்து எழுதினால், தட்டு ஏந்துகிறவன் அப்படியே நின்றுகொண்டிருப்பான்.

அவனை முதலில் உட்கார வைப்போம்! இன்ஷா அல்லாஹ், அதற்கான துணிவையும் நேர்மையையும் வல்ல இறைவன் நமக்குத் தருவானாக!